சித்திரமும் அபிப்பிராயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற வாலிப அங்கத்தவர்களின் தைலவர்ணச் சித்திரக் காட்சியைத் தொடக்கிவைத்து ஆற்றிய பேச்சு)



இக்காட்சியைத் தொடக்கி வைக்கும்படி உங்கள் காரியதரிசி என்னைக் கேட்டபோது, படங்களைப் புகழ்ந்து பத்து நிமிஷம் பேசினாற் போதும் என்று சொன்னார். பேசலாம், அதில் எனக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் இன்று நான் அரை மணி நேரம் முந்தியே வந்துவிட்டேன். மண்டபத்தின் ஒரு மூலையில் நின்று, படம் பார்க்க வந்தவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். அதைக் கேட்டபின் என் பேச்சை மாற்றிக்கொண்டேன்.

இங்கே 11 படங்கள் தொங்குகின்றன. அவற்றின் முன் நின்றவர்கள் அனேகமாக இரண்டே வசனங்களைச் சொன்னார்கள். ஒன்று, "நல்லாயிருக்கு." மற்றது, "இது என்ன, விளங்கேல்லை." முதலாவதைச் சொன்னவர் சொல்லிக்கொண்டே அடுத்த படத்துக்குப் போய்விட்டார். இரண்டாவதைச் சொன்னவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தப் படங்களை எழுதிய பிள்ளைகளோ தூண்களுக்குப் பின்னால் நின்று, போகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம், நான்கு மாதம் இரவிரவாக விளக்கின் கீழ் இருந்து எழுதிய படத்துக்குக் கிடைத்த பலன் இந்த இரண்டு வசனங்கள். ஆகையால் ஒரு படத்தைப் பற்றி எப்படி அபிப்பிராயம் சொல்வது, சொல்லப்பட்டதை எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் தைலவர்ணத்தின் குணத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். நீர்வர்ணத்தில் நீர் ஆவியாகிப் போனதும் வர்ணம் காய்ந்துவிடுகிறது. தைலவர்ணம் அப்படிக் காய்வதில்லை. அதில் வர்ணப் பொடியோடு கலந்திருப்பது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய். அந்த எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல ஏற்று இறுகுகிறது. மெல்லிய பூச்சென்றாலும் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாட்கள் செல்லும். தடித்த பூச்சுக்கு வாரக்கணக்கிற் செல்லும். அம்பர் என்னும் மண்ணிறம் விரைவில் இறுகும். சில கறுப்பு நிறங்களும் சில சிவப்பு நிறங்களும் நன்றாகத் தாமதிக்கும். படம் முழுவதும் உள்ளே இறுகி, வார்ணிஷ் பூசத் தகுதியாவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை பொறுப்பது வழக்கம்.

இதனால் விளைவது என்ன? இன்று வைத்த வர்ணத்தை நாளை கத்தியாற் சுரண்டி எடுக்கலாம், துணியால் துடைத்துவிடலாம், இறுகியபின் அதன்மேல் வேறொன்று எழுதலாம். மேற்பூச்சில் எண்ணெய் கூடுதலாகவும் கீழ்ப்பூச்சிற் குறைவாகவும் இருக்கவேண்டும் என்ற ஒரு விதியைக் காத்துக்கொண்டால் வெடிப்பு விழும் பயமும் குறைவு. பெரிய ஓவியர்களும் இப்படியே திருத்தினார்கள். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் ஏறத்தாழ 1635ஆம் ஆண்டளவில் நான்காம் பிலிப்பு அரசனைக் குதிரைமேல் எழுதிய படம் மட்ரிட் நகரத்துப் பிராடோ நூதனசாலையில் இருக்கிறது. அந்தக் குதிரையின் பின்னங்கால்களுக்கு அருகே, அவர் முதலில் எழுதிப் பின்பு மறைத்த கால்கள் மங்கலாக இன்றும் தெரிகின்றன. தைலவர்ணம் வயதாக ஆகச் சற்றே ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால், மறைத்தது வெளியே வந்துவிட்டது. அரசனுடைய ஓவியரே குதிரைக் காலை ஒரு முறை பிழையாக வைத்துப் பின் இடம் மாற்றியிருக்கிறார் என்றால், நமது பிள்ளைகள் பனைமரத்தைச் சற்று இடம் மாற்றி வைப்பதில் வெட்கம் என்ன?

திருத்தத்தைத் தாங்கும் வர்ணம் இது. தாங்கமாட்டாதவர்கள் மனிதர்கள், சொல்லத் தெரியாதவர்களும் மனிதர்கள். இதை நான் பிறரைக் குறித்துச் சொல்லவில்லை. என்னைக் குறித்தே சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன், சித்திர ஆசிரியனாக இருந்த காலத்தில், ஓர் ஊரில் நடந்த காட்சிக்கு என்னை அழைத்திருந்தார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஒரு கேணியை எழுதி வைத்திருந்தான். மாலை நேரம், கருங்கற் படிகள், எதிர்க்கரையில் நாலைந்து பனைகள், ஒரு மூலையில் தண்ணீர் அள்ளக் குனிந்த ஒரு பெண். படிகள் அருமையாக இருந்தன. கடைசிப் படியில் ஈரமான கல்லும் காயாத கல்லும் சந்திக்கும் இடத்தை அவன் பார்த்து எழுதியிருந்தான். ஆனால் தண்ணீரை மட்டும் கரையிலிருந்து கரைவரை ஒரே பச்சையாகப் பூசிவிட்டான். சுற்றிலும் பெரிய மனிதர்கள் நின்றார்கள். நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நான் சொன்னேன்:

"தம்பி, இது கேணியோ, விரிச்சு வைச்ச பச்சைப் பாயோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். காட்சி முடிந்ததும் படத்தைப் பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிச் சைக்கிளின் பின்னாற் கட்டிக்கொண்டு போனான். அடுத்த வருஷம் அவனுடைய படம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. வெகு காலத்தின் பின் ஒரு கலியாண வீட்டில் அவனைக் கண்டேன். நரை தொடங்கியிருந்தது. "இப்ப படம் கீறுறதில்லையோ?" என்று கேட்டேன். "இல்லை மாஸ்டர். நீங்கள் சொன்னது சரிதான், அது பாய்தான்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பந்திக்கு ஆள் கூப்பிடப் போய்விட்டான்.

நான் சொன்னது சரி என்று அவன் சொன்னான். சரிதானா என்று நான் பல நாள் யோசித்தேன். தண்ணீர் பாய்போல இருந்தது உண்மை. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. "தம்பி, மாலையில் இன்னொரு முறை அந்தக் கேணிக்குப் போ. எதிர்க்கரைப் பனைகளின் பிம்பம் தண்ணீரில் எங்கே முடிகிறது, அதற்கு இப்பால் வானத்தின் வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று பார். உன் காலடித் தண்ணீரில் வானம் குறைந்து அடித்தளத்து இருள் தெரியும். கறுத்த மரம் தண்ணீரிற் சற்றே வெளிறும், வெளிச்சமான வானம் தண்ணீரிற் சற்றே கறுக்கும்" என்று சொல்லியிருந்தால் அவன் அடுத்த நாள் மாலை தூரிகையோடு அங்கே இருந்திருப்பான். அந்த நாலு வசனமும் எனக்குத் தெரியும். இருந்தும், சுற்றி நின்றவர்களைச் சிரிக்க வைக்கும் ஒரு வசனத்தையே தேர்ந்தெடுத்தேன்.

அறியாதவன் சொல்லும் பழிச்சொல்லைவிட அறிந்தவன் சொல்லும் பரிகாசம் கொடியது என்பதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. வின்சென்ட் வான் கோ என்ற ஒல்லாந்து ஓவியரை நீங்கள் அறிவீர்கள். 1885ஆம் ஆண்டில் அவரை உலகம் அறியாது. ஓவியத்தையே தொழிலாகக் கொள்வதென்று அவர் துணிந்து ஐந்து வருஷமே ஆகியிருந்தது. நூனென் என்ற கிராமத்தில் ஒரு குடியானவக் குடும்பம் விளக்கொளியில் உருளைக்கிழங்கு உண்ணும் காட்சியை எழுதினார். அதையே கல்லச்சுப் படமாகவும் செய்து, ஒரு பிரதியைத் தமது சிநேகிதரான அந்தோன் வான் ராப்பார்ட் என்பவருக்கு அனுப்பினார். ராப்பார்ட் முறையாகக் கலைக்கூடத்திற் பயின்றவர். இருவரும் 1880 முதல் நண்பர்கள்.

ராப்பார்ட் மே மாதத்தில் எழுதிய மறுமொழி கிடைத்திருக்கிறது. கோப்பிக் கெண்டி மேசையில் நிற்கவுமில்லை, கையிற் பிடிக்கப்படவுமில்லை. வலப்பக்கத்து மனிதனுக்கு முழங்காலும் வயிறும் சுவாசப்பையும் இருக்கக் கூடாதா. அவனுடைய கை ஏன் இவ்வளவு குறுகிப் போயிற்று. மூக்கு ஏன் இப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இப்படி எழுதிக்கொண்டு பெரிய ஓவியர்களின் பெயரை எடுக்கத் துணிகிறாயா என்றும் கேட்கிறார். வான் கோ அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகும் நீண்ட கடிதங்கள் சென்றன. ஆயினும் ஐந்து வருஷச் சிநேகிதம் அந்த ஆண்டுக்குள் முடிந்துவிட்டது. வான் கோ 1890இல் தம் 37ஆம் வயதிலும், ராப்பார்ட் 1892இல் தம் 33ஆம் வயதிலும் இறந்தார்கள்.

ராப்பார்ட் கண்ட குறைகளிற் பல உள்ளவையே. அந்தக் கல்லச்சுப் படத்தைப் பார்ப்பவர் இன்றும் காணலாம். ஆனால் அவர் பார்த்தது கறுப்பு மையில் அச்சான, இடம் வலம் மாறிய ஒரு பிரதியை. விளக்கொளியில் மண்ணின் நிறமாகிப்போன முகங்களை எழுதவேண்டும் என்பது வான் கோவின் எண்ணம். அந்த நிறத்தை அவர் பார்க்கவில்லை; அதைப் பற்றிக் கேட்கவுமில்லை. வான் கோவின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கோபத்தோடு கடிதத்தைத் திருப்பினாலும், அந்தக் கோடைகாலம் முழுவதும் அவர் வயலில் வேலை செய்பவர்களின் உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1886 தை மாதத்தில் அன்ற்வேர்ப் நகரத்துக் கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அதே வேளை தம் படத்தைக் கைவிடவுமில்லை. 1887இல் தங்கைக்கு எழுதியபோது, தாம் செய்தவற்றுள் அந்த உருளைக்கிழங்குப் படமே சிறந்ததென்று கருதுவதாகக் குறிப்பிட்டார். அதே படம் இப்போது அம்ஸ்ரடாம் நகரில் அவர் பெயராலுள்ள நூதனசாலையில் இருக்கிறது. குறையை ஏற்று உழைப்பதும், தன் கருத்தை விடாமலிருப்பதும் ஒரே மனிதனிடம் கூடியிருக்கலாம் என்பதற்காகவே இதைச் சொன்னேன். எல்லாரும் வான் கோவைப்போல எழுந்து நடப்பார்கள் என்று எண்ணி நாம் கல்லெறியக் கூடாது. அந்தக் கேணிப் பையன் எழுந்து நடக்கவில்லை.

இனி, அபிப்பிராயம் சொல்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, வாயைத் திறக்குமுன் கேளுங்கள். "தம்பி, இதில் எதைக் காட்ட நினைச்சாய்?" என்று கேட்டால், சொல்ல இருந்ததிற் பாதி மாறிப்போகும். மத்தியான வெயிலை எழுதியவனிடம் நிழல் கடுமையாக இருக்கிறதென்று சொல்வது வீண். மாலையை எழுத நினைத்தவனிடம் அதையே சொன்னால் அது உதவி.

இரண்டாவது, இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். "ஏதோ சரியில்லை" என்பது அபிப்பிராயமன்று. "இந்த வேலியும் தூரத்து வேலியும் ஒரே கறுப்பாக இருப்பதால் இரண்டும் ஒரே தூரத்தில் நிற்கின்றன" என்றால் அவனுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. புகழ்ச்சிக்கும் இதுவே விதி. "நல்லாயிருக்கு" என்ற சொல்லை வைத்து அவன் எதைக் காப்பாற்றுவது? "ஈரப் படியின் நிறம் மெய்யாக இருக்கிறது" என்று சொன்னால், திருத்தும்போது அதைத் தொடாமல் விடுவான். எத்தனையோ படங்கள் பிழையைத் திருத்தப் போய் நல்லதை இழந்திருக்கின்றன.

மூன்றாவது, பெரியதை முதலிற் சொல்லுங்கள். படம் முழுவதிலும் இருளும் ஒளியும் பொருந்தவில்லை என்றால், அதைவிட்டுக் கண்மடலைப் பற்றிப் பேசுவதிற் பயனில்லை. ஒரு தடவைக்கு இரண்டு குறைகள் போதும்.

நான்காவது, படம் எந்த நிலையில் இருக்கிறதென்று பாருங்கள். வர்ணம் ஈரமாக இருக்கும்போது சொல்வது தூரிகைக்குச் சொல்வது. சட்டமிட்டு, விலாசமெழுதி, மண்டபத்தில் தொங்கவிட்ட பின் சொல்வது பெரும்பாலும் அடுத்த படத்துக்குச் சொல்வது. அதற்கேற்பப் பேசுங்கள். குறையைத் தனியே சொல்லுங்கள். பத்துப்பேர் நடுவே சொன்னால், சொல்பவனுக்கே தெரியாமல் அது அந்தப் பத்துப்பேருக்கான பேச்சாகிவிடும்.

இனி, கேட்பவர்களுக்கு. வாலிபர்களே, உங்கள் கடமை சொல்பவரின் கடமையைவிடச் சுலபமானதல்ல. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நான் ஒரு முறை என் தகப்பனாரின் உருவத்தைத் தைலவர்ணத்தில் எழுதினேன். அவர் காலமான பின், ஒரு நிழற்படத்தைப் பார்த்து எழுதியது. முகம் நன்றாக வந்துவிட்டதென்று எனக்குப் பெருமை. என் பெரியம்மா வந்து பார்த்தார். எழுத்தறியாதவர். வெகு நேரம் பார்த்துவிட்டு, "முகம் தம்பியின்ரைதான். ஆனால் அவன் இப்பிடி இருக்கமாட்டான்" என்றார். எப்படி இருக்கமாட்டார் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "பெரியம்மா, உங்களுக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

மூன்று வாரம் அது அப்படியே இருந்தது. ஒரு நாள் எடுத்து, கண்ணாடியின் முன் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் இடம் வலம் மாறுவதால் நம் படமே அந்நியர் எழுதியதுபோலத் தோன்றும்; லியனார்டோ டா வின்சியும் ஓவியர்களுக்கு இந்த உபாயத்தைச் சொல்லியிருக்கிறார். பார்த்த உடனே தெரிந்தது. இரண்டு தோள்களும் தராசுத் தட்டுப்போலச் சமமாக இருந்தன. என் தகப்பனார் இளமையிலிருந்து மூட்டை தூக்கியவர். அவருடைய வலத்தோள் எப்போதும் சற்றுத் தாழ்ந்திருக்கும். படம் பிடிப்பவர் அவரை நிமிர்ந்திருக்கச் சொல்லியிருக்கிறார். நான் நிழற்படத்தைப் பார்த்து எழுதினேன். பெரியம்மா தம்பியை நினைத்துப் பார்த்தார். வர்ணம் இறுகியிருந்தபடியால் அதன்மேலேயே தோளைத் தாழ்த்தி எழுதினேன். பெரியம்மாவுக்குக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை; சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைத்தார்.

படம் எழுதத் தெரியாதவருக்கும் எங்கே பிழை என்று தெரியும். எதனாற் பிழை, எப்படித் திருத்துவது என்பது எழுதுபவன் கண்டுபிடிக்க வேண்டியது. அப்பெல்லீஸ் என்ற கிரேக்க ஓவியர் தம் படத்தைத் தெருவோரம் வைத்துவிட்டு மறைந்திருந்து கேட்பாராம் என்று உரோம ஆசிரியர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். செருப்புத் தைப்பவர் ஒருவர் பாதரட்சையிற் குறை சொன்னார். மறுநாளைக்குள் ஓவியர் திருத்திவிட்டார். அந்த உற்சாகத்தில் அவர் காலையும் குறை சொன்னபோது, பாதரட்சைக்கு மேலே போகவேண்டாம் என்று தடுத்தாராம். எல்லாரும் இந்தக் கதையின் பிற்பாதியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஒரு தொழிலாளியின் சொல்லைக் கேட்டு ஒரே நாளிற் படத்தைத் திருத்தினார் என்ற முற்பாதியை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, ஒருவர் குறை சொல்லும்போது மறுமொழி சொல்லாதீர்கள். "நேரம் போதவில்லை, நல்ல வர்ணம் கிடைக்கவில்லை" என்று நியாயம் சொல்லத் தொடங்கினால் காது அடைத்துவிடும். கேட்டதைக் குறித்துவைத்துக்கொண்டு சில நாள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மூன்று பேர் மூன்று காரணம் சொல்லி ஒரே இடத்தைக் காட்டினால், காரணங்களை விட்டுவிட்டு அந்த இடத்தைப் பாருங்கள். ஒருவர் மட்டும் சொன்னது உங்கள் எண்ணத்துக்கே மாறாக இருந்தால், நன்றி சொல்லிவிட்டு உங்கள் வழியே போங்கள். எல்லாருடைய சொல்லையும் கேட்டுத் திருத்திய படம் ஒருவருடைய படமாகவும் இராது.

இது நமக்குப் புதியதன்று. நூலை அரங்கேற்றுவது என்பதே சபையாரின் கேள்விக்கு அதை முன்வைப்பதுதான். கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சியிலே கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற் பாட்டின் முதற் சொற்களின் புணர்ச்சிக்கே விதி எங்கே என்று ஒருவர் தடை எழுப்பினார் என்று வரலாறு வழங்குகிறது. நூல் நன்றாயில்லை என்று அவர் சொல்லவில்லை. இன்ன இடத்தில் இன்ன சொல் என்று காட்டினார். கச்சியப்பர் கோபிக்கவில்லை, மறுநாள் வரை தவணை கேட்டார். சபை தவணை கொடுத்தது. மறுநாள் வீரசோழியத்தில் விதி காட்டப்பட்டது. இடத்தைக் காட்டிய தடை, கோபியாத புலவர், தவணை கொடுத்த சபை ஆகிய மூன்றும் நமது சித்திரக் காட்சிக்கும் வேண்டும்.

ஓவியர்கள் கூடி ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துப் பேசும் இடங்கள் இந்நாட்டிலும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் 1938இல் எஸ். ஆர். கனகசபை அவர்கள் தொடக்கிய வின்ஸர் ஓவியக் கழகமும், கொழும்பில் 1943இல் லயனல் வென்ட் முதலானோர் கூட்டிய 43 குழுவும் அப்படிப்பட்டவை. நாம் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. காட்சி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, இந்த மண்டபத்தில் ஒரு மணி நேரம் போதும். எழுதியவரும், பழகியவர் ஒருவரும், படமே எழுதாத பெரியவர் ஒருவரும் ஒரு படத்தின் முன் இருக்கட்டும். நல்லது ஒன்று, குறை இரண்டு. இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லட்டும். பெரியோர்களே, உங்களுக்குச் சித்திரம் தெரியாதென்று ஒதுங்கிவிடாதீர்கள். மாடு எப்படிப் படுக்கும், வள்ளம் எப்படிச் சாயும், கிழவன் எப்படிக் குந்தியிருப்பான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு எந்த வர்ணக் குழாயிலும் கிடையாது.

அந்தக் கேணி இன்னும் இருக்கிறது. அந்த வழியாற் போகும்போது சைக்கிளை நிறுத்தி இறங்கிப் பார்ப்பதுண்டு. மாலை ஐந்தரை மணியளவில் எதிர்க்கரைப் பனைகளின் பிம்பம் நடுக்கேணி வரை வந்து முடிகிறது. அதற்கு இப்பால் ஒரு முழ அகலத்துக்கு வானம் கிடக்கிறது. அவனுடைய படத்தில் இல்லாமற் போனது அந்த ஒரு முழம்தான். அன்று அதைக் கையாற் காட்டியிருக்கலாம்.

இங்கே உள்ள 11 படங்களின் முன்னும் நாம் ஒவ்வொருவரும் அப்படி ஓர் இடத்தைக் காட்டிவிட்டுப் போவோமாக. அடுத்த ஆண்டு இதே 11 பிள்ளைகளின் படங்களும் இச்சுவரில் இருக்க வேண்டும் என்று விரும்பி, காட்சியை மகிழ்ச்சியோடு திறந்துவைக்கிறேன்.